கணக்கு வகுப்பில் ஒரு தமிழாசிரியன்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர்கள், "ஐயா, இவ்வாண்டு தங்கள் அனுபவம் ஒன்றை எழுதித் தாருங்கள்" என்றனர். அனுபவம் என்றதும் என் நெஞ்சில் முதலில் எழுந்தது ஒரு கணக்கு வகுப்பு. தமிழ் படித்து, தமிழ் கற்பித்து, தமிழால் வாழ்கின்ற ஒருவன் கணக்கைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆனால் எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. கணக்கைச் செய்யுளிலேயே சொல்லிச் சென்ற 'கணக்கதிகாரம்' போன்ற நூல்கள் தமிழில் உண்டு. மேலும், நான் முதன்முதலில் ஆசிரியன் என்ற பெயரைப் பெற்றது கணக்குச் சொல்லிக் கொடுத்தபோதுதான். அப்பணியில் நான் செய்த ஒரு பிழையையும், அது பிழையென்று உணர எனக்கு 22 ஆண்டுகள் ஆனதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

பாட்டனாரின் அரைமா

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவன் நான். என் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர். பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1957-இல் புதுக் காசு வந்து, அணாக் கணக்கு மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும், அவர் வாயில் மாகாணியும் அரைக்காலும் வாழ்ந்துகொண்டிருந்தன. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ஒரு ரூபாயில் அது ஓரணா. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, அது இரண்டணா. மா என்றால் இருபதில் ஒன்று. இவையெல்லாம் எனக்கு அப்போது ஏதோ விளையாட்டுச் சொற்களாகவே தோன்றின.

ஒரு ரமலான் மாதத்தில் அவர் ஜகாத் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் சதவீதம் படித்த பெருமையில் நான், "நூற்றுக்கு இரண்டரை" என்றேன். பாட்டனார் சிரித்து, "அவ்வளவு நீட்டுவானேன்? நாப்பதுல ஒண்ணு, அரைமா. ஒரே சொல்லு, தம்பி" என்றார். மா இருபதில் ஒன்று என்றால் அதில் பாதி நாற்பதில் ஒன்று. நான் தாளில் பெருக்கி வகுத்துக் கண்ட விடையை அவர் ஒரு சொல்லில் வைத்திருந்தார். எண்ணுக்குப் பொருள் உண்டு, அது வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறது என்பதற்கு அன்றே எனக்குச் சான்று கிடைத்துவிட்டது. ஆயினும் நான் ஆசிரியனாக நின்றபோது அதனை மறந்தேன்.

'ஆனா' என்ற ஒரு சொல்

மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடத்தோடு படித்துத் தேறிய நான், தமிழின்மேல் கொண்ட காதலால் கல்லூரியில் தமிழ் இலக்கியம் சேர்ந்தேன். வீட்டு நிலை போதாமையால் 2001 முதல் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். தெருவில் ஒரு பெரியவர் தம் வீட்டு மாடியை இலவசமாகத் தந்தார். மஃரிபு தொழுகை முடிந்து பிள்ளைகள் வருவர். இஷாவுக்குப் பாங்கு சொல்லும்போது கலைவர். மாதம் 50 ரூபாய். விதியைச் சொல்வேன், பத்துக் கணக்கைக் கரும்பலகையில் போடுவேன், பிறகு அவர்கள் போடுவர், நான் சரியென்றோ தவறென்றோ குறியிடுவேன். பிள்ளைகளுக்கு மதிப்பெண் கூடியது. நான் நல்ல ஆசிரியன் என்று ஊரார் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

2002-ஆம் ஆண்டில் ஒரு மாலை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கரும்பலகைக்கு அழைத்து, அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னேன். அவன் சற்றும் தயங்காமல், 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருந்தான். முதல் நாள்தான் பகுதியைச் சமப்படுத்தும் முறையைச் சொல்லியிருந்தேன். எனக்குச் சினம் வந்தது. அதைவிட, சிரிப்பு மூட்ட வேண்டும் என்ற ஆசையும் வந்தது. "மேலே ஒரு கூட்டல், கீழே ஒரு கூட்டல்! மாடி வீடு கட்டுகிறாயா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தனர். அவன், "சார், ஆனா..." என்று தொடங்கினான். "ஆனா ஆவன்னா எல்லாம் தமிழ் வகுப்பில் சொல். இது கணக்கு வகுப்பு. உனக்குப் பின்னம் வராது, போய் உட்கார்" என்றேன். மாடியே அதிரும்படி சிரிப்பு எழுந்தது. என் சொல்நயத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவன் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் இருந்தது. நான் சென்று கேட்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் தவறிவிட்டான் என்றும், தச்சு வேலை பழகச் சென்னைக்குப் போய்விட்டான் என்றும் பின்னர்க் கேள்விப்பட்டேன். "படிப்பு வரவில்லை, பாவம்" என்று எண்ணிக்கொண்டேனே தவிர, அதில் எனக்கும் பங்குண்டு என்று எண்ணவில்லை.

வேற்றுமையும் பாகப்பிரிவினையும்

அந்த நான்கு ஆண்டுகளில் நான் ஒன்றுமே கற்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு செய்திகள் என் கற்பித்தலை மாற்றின.

ஒன்று, மொழி. '7-ஐ 12-லிருந்து கழிக்க' என்றால் நன்கு படிக்கும் பிள்ளைகளும் 7 − 12 என்று எழுதிவிட்டு விழித்தனர். கழிக்கத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். வாக்கியத்தில் எந்த எண் முன்னே வந்ததோ அதனை முன்னே எழுதினர். 'ஐ' என்பது செயப்படுபொருளைக் காட்டும் இரண்டாம் வேற்றுமை. 'இலிருந்து' என்பது நீங்கலைக் காட்டும் ஐந்தாம் வேற்றுமை. எதிலிருந்து நீங்குகிறதோ அதுவே முதலில் இருக்க வேண்டிய முதல். நீக்கப்படுவது பின்னே வரும். இதனை, "பையிலிருந்து எடு என்றால் முதலில் பை வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டு விளக்கினேன். அதன் பின் அப்பிழை அருகியது. கணக்கு வரவில்லை என்று நாம் சொல்லும் இடங்களில் வாக்கியம் விளங்காத இடங்களும் உண்டு என்று அன்று கண்டேன். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, இயற்கணிதத்துக்கு அடிப்படையான தம் நூலைக் குறியீடு எதுவுமின்றி முழுதும் சொற்களாலேயே எழுதினார் என்பதைப் பின்னாளில் படித்தபோது, எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே நாம் எழுப்பிய சுவர் பிற்காலத்தது என்று தோன்றியது.

மற்றொன்று, எங்கள் தெருவில் நடந்த ஒரு பாகப்பிரிவினை. ஒருவர் மனைவியையும் தாயையும் ஆண், பெண் மக்களையும் விட்டு மறைந்தார்; அவருடைய தந்தை முன்னரே மறைந்தவர். பள்ளிவாசல் ஹஜ்ரத் பாயில் அமர்ந்து, "சொத்தை 24 பங்கு வையுங்கள்" என்றார். மக்கள் உள்ளபோது மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 பங்கு. தாய்க்கு ஆறில் ஒன்று, அதாவது 4 பங்கு. எஞ்சிய 17 பங்கும் மக்களுக்கு, ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில். நான் கரும்பலகையில் 'மீச்சிறு பொது மடங்கு' என்று எழுதி, ஏன் எதற்கு என்று சொல்லாமல் மனப்பாடம் செய்வித்தது, இங்கே ஒரு குடும்பத்தின் சண்டையைத் தடுத்துக்கொண்டிருந்தது. எட்டுக்கும் ஆறுக்கும் பொதுவான மிகச் சிறிய எண் 24. அவ்வாறு ஒரே அளவான பங்குகளாக்கினால்தான் கூட்டவும் முடியும், எஞ்சியது எவ்வளவு என்று காணவும் முடியும். படியும் மரக்காலுமாக அளந்த நெல்லை ஓர் அளவுக்கு மாற்றாமல் எத்தனை என்று சொல்ல முடியுமா? அடுத்த நாள் அந்தப் பாகப்பிரிவினையையே பாடமாக்கினேன். பின்னத்தைக் கண்டு அஞ்சிய பிள்ளைகள் அன்று பிறர் சொத்தை மகிழ்ச்சியோடு பங்கிட்டனர்.

கற்பிக்கும் முறை இவ்வாறு வளர்ந்தது உண்மை. ஆனால் பேசுபவன் நானாகவே இருந்தேன். விளக்கத்தை மேலும் மேலும் அழகாக்கினேனே அன்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. பின்னர் எம்.ஃபில். முடித்துக் கல்லூரிப் பணிக்கு வந்தேன். கணக்கு வகுப்பு பழங்கதையாயிற்று.

நூல் கணக்கு

2024-இல் ஊரில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தபோது, நூல்கள் வைக்க அலமாரி செய்ய ஒரு தச்சரை அழைத்தேன். உள்ளே வந்தவர், "என்ன சார், நல்லா இருக்கீகளா?" என்றார். முகத்தைப் பார்த்தேன். தாடி வைத்திருந்தார், 35 வயதிருக்கும். அந்த எட்டாம் வகுப்பு மாணவர்தாம்.

அலமாரியின் மூலையில் எஞ்சிய சிறு இடைவெளியை இரண்டு துண்டுப் பலகைகளால் அடைக்க வேண்டியிருந்தது. அவர் அளவு நாடாவை வைத்து ஒரு துண்டை அளந்தார், மூன்றரை அங்குலம். மற்றதை அளந்தார், இரண்டு அங்குலமும் அதற்கு மேல் எட்டில் மூன்றும். நான் மனத்துக்குள் பகுதியைச் சமப்படுத்தத் தொடங்குமுன்பே, "அஞ்சு இஞ்ச் ஏழு நூல்" என்று சொல்லிப் பலகையில் பென்சிலால் குறித்துவிட்டார்.

தச்சர் வழக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். அரை அங்குலம் நான்கு நூல், எட்டில் மூன்று என்பது மூன்று நூல், கூட்டினால் ஏழு. நான் எட்டாம் வகுப்பில் அவருக்குக் கற்பிக்க முயன்றது இதனைத்தான். என் பாட்டனார் அரைக்கால் என்றதும் இவருடைய ஒரு நூலும் ஒன்றே. வியப்போடு, "பின்னக் கூட்டலை இவ்வளவு விரைவாகப் போடுகிறாயே, தம்பி!" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது நூல் கணக்கு சார். பின்னம் எனக்கு வராதுன்னு நீங்கதானே சொன்னீக" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. வானிலையைச் சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னார். அதனால்தான் அச்சொல் என்னைச் சுட்டது. 22 ஆண்டுகளாக அவர் என் தீர்ப்பை உண்மையென்றே ஏற்றுக்கொண்டிருந்தார். நாள்தோறும் பின்னத்தைக் கையாண்டுகொண்டே, பின்னம் தமக்கு வராது என்று நம்பியிருந்தார்.

"அன்றைக்கு 'ஆனா' என்று ஏதோ சொல்ல வந்தாயே, என்ன அது?" என்று கேட்டேன். நினைவிருக்காது என்றே எண்ணினேன். உடனே சொன்னார். "அன்னிக்குச் சாயங்காலம் திடல்ல ஸ்டம்பைக் குறிபாத்துப் பந்து எறிஞ்சு விளையாண்டோம் சார். மொதல்ல ரெண்டு எறிஞ்சேன், ஒண்ணு பட்டுச்சு. அப்புறம் மூணு எறிஞ்சேன், ஒண்ணு பட்டுச்சு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு. அதைத்தான் எழுதுனேன்."

நான் பேச்சற்றுப் போனேன். இரண்டுக்கு ஒன்றும் மூன்றுக்கு ஒன்றும் சேர்ந்தால் ஐந்துக்கு இரண்டு. அவர் எண்ணிய கணக்குக்கு அவர் எழுதிய விடை சரியானதே. கிரிக்கெட்டில் எறிந்தவற்றுள் பட்டவை எத்தனை என்று கூட்டுவது அவ்வாறுதான். ஆனால் கேட்கப்பட்ட கணக்கு அதுவன்று. ஒரே பொருளின் பாதியையும் அதே பொருளின் மூன்றில் ஒரு பகுதியையும் சேர்த்தால் எவ்வளவு என்பதே கேள்வி. அதன் விடை ஆறில் ஐந்து. இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால், பின்னத்துக்கும் விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வகுப்பு முழுவதும் அன்றே உணர்ந்திருக்கும். அல்லது, "அரையோடு ஒன்றைக் கூட்டினால் அரையைவிடக் குறையுமா? ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிதா, சிறிதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், தம் பிழையைத் தாமே கண்டிருப்பார். இரண்டில் எதற்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிராது. நான் அந்த நேரத்தைச் சிரிப்புக்குச் செலவிட்டேன்.

"தம்பி, அன்று நான் செய்தது தவறு. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவர் சற்றே தடுமாறினார். பிறகு, "விடுங்க சார். பசை காஞ்சிரும், பலகையைப் பிடிங்க" என்றார். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து அங்குலம் ஏழு நூல் இடைவெளியில் இரு துண்டுகளும் பிசிறின்றிப் பொருந்தின. 'அல்ஜீப்ரா' என்ற சொல்லின் மூலமான 'அல்ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லுக்கு, உடைந்ததைப் பொருத்திச் சீர்செய்தல் என்று பொருள். உடைந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அச்சொல் வழங்கும். பலகையை அவர் பொருத்தினார். நான் உடைத்ததைப் பொருத்துவது அவ்வளவு எளிதன்று.

மறுபடியும் மாணவனாக

வேலை முடிந்து புறப்படும்போது அவர், தம் மகள் ஆறாம் வகுப்புப் படிப்பதாகவும், பின்னத்தில் திணறுவதாகவும், முடிந்தால் பார்க்க வேண்டும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். தமக்கு நேர்ந்ததை அறிந்த பின்னும் தம் மகளை என்னிடமே ஒப்படைத்த அந்தப் பெருந்தன்மைக்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. வாரந்தோறும் ஊருக்குச் செல்லும் வழக்கம் உடையவனாதலால், ஞாயிறு காலைகளில் அக்குழந்தைக்குக் கணக்குச் சொல்லத் தொடங்கினேன்.

இம்முறை சுண்ணக்கட்டியை முதலில் எடுக்கவில்லை. அவள் தந்தையின் அளவு நாடாவை எடுத்து வரச் சொன்னேன். ஒரு நாள் அவள், "அரையைக் காலால வகுத்தா ரெண்டுன்னு புத்தகத்துல இருக்கு. வகுத்தா குறையத்தானே செய்யணும், ஏன் கூடுது?" என்று கேட்டாள். பழைய நான் என்றால், 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று விதியைச் சொல்லி முடித்திருப்பேன். இப்போது, "நீ ஏன் குறைய வேண்டும் என்கிறாய்?" என்று கேட்டேன். "பத்தை ரெண்டால வகுத்தா அஞ்சு. குறையுதே!" என்றாள். அதுவரை அவள் கண்ட வகுத்தலெல்லாம் அப்படித்தான் இருந்தது. அவள் முடிவு அவள் கண்டவற்றுக்குப் பொருத்தமானதே. "அரை அங்குலத்துக்குள் கால் அங்குலத் துண்டு எத்தனை வெட்டலாம்? நாடாவில் பார்" என்றேன். விரலை வைத்து எண்ணினாள். நான்கு நூலுக்குள் இரண்டு நூல் இரண்டு முறை. "ரெண்டு! அப்ப வகுக்கிறதுன்னா எத்தனை தடவை அடங்குதுன்னு பாக்கிறதா?" என்றாள். விதியை அவளே எட்டிப்பிடித்த அந்த நொடியில், வாசலில் நின்ற தந்தையின் முகத்தைப் பார்த்தேன். பின்னம் தமக்கும் வரும் என்பது அன்று அவருக்கு விளங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலில், ஒரு கணக்கைத் தீர்ப்பதற்கு நான்கு படிகள் சொல்கிறார்: கணக்கைப் புரிந்துகொள்ளல், வழி வகுத்தல், அவ்வழியே செய்தல், செய்ததைத் திரும்பிப் பார்த்தல். நான்காம் படியைக் கணக்கு வகுப்பில் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கற்பித்தலிலும் அதனை விட்டுவிட்டவன் நான்.

தமிழ் வகுப்புக்குத் திரும்பி

இந்தப் பாடம் கணக்கோடு நிற்கவில்லை. யாப்பிலக்கண வகுப்பில் ஒரு மாணவர் 'வருவார்' என்ற சீரை வ / ரு / வார் என்று பிரித்து, நேர் நேர் நேர், தேமாங்காய் என்று எழுதினார். முன்பென்றால் சிவப்பு மையால் அடித்து, நிரை நேர், புளிமா என்று எழுதியிருப்பேன். இம்முறை, "எப்படிப் பிரித்தீர்கள்?" என்று கேட்டேன். "தனிக்குறில் நேரசை என்று நீங்கள்தாமே சொன்னீர்கள், ஐயா" என்றார். உண்மை. விதியை மறந்ததால் வந்த பிழையன்று. விதியைச் சொன்னபடியே கடைப்பிடித்ததால் வந்த பிழை. குறிலை அடுத்து இன்னொரு குறில் வந்தால் இரண்டும் இணைந்து நிரையாகும், தனித்து நிற்கும் குறிலே நேராகும் என்று முறையாக வேறுபடுத்திச் சொல்லாதவன் நான். அந்த ஒரு கேள்வியால் வகுப்பில் மேலும் பலரின் ஐயம் தீர்ந்தது.

அதே வகுப்பில் கணக்கையும் கொண்டுவந்தேன். அசை இரண்டே: நேர், நிரை. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. ஏன் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது என்று கேட்டேன். வணிகவியல் மாணவி ஒருவர், "ஒவ்வொரு சீருக்குப் பின்னாலும் நேரையும் வைக்கலாம், நிரையையும் வைக்கலாம், அதனால் இரு மடங்கு" என்றார். மனப்பாடச் சுமையாக இருந்த வாய்பாடு அன்று அவர்களுக்கே சொந்தமாயிற்று.

ஆசிரியப் பணியை நாடிச் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்களே! பிழையான விடை ஒன்றைக் கண்டால் அதைத் திருத்துமுன், "இந்த விடைக்கு எப்படி வந்தாய்?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு, சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். 'ஆனா' என்று தொடங்கும் சொல்லை ஒருபோதும் இடைமறிக்காதீர்கள். பெரியோர்களே! ஜகாத் கணக்குப் பார்க்கும்போதும், பாகம் பிரிக்கும்போதும், வீட்டுக்கு மரம் அளக்கும்போதும் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். உனக்குக் கணக்கு வராது என்ற சொல்லை எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். சொன்னவன் அதனை மறந்துவிடுவான், கேட்டவன் மறப்பதில்லை.

அலமாரியில் இப்போது என் நூல்கள் நிறைந்திருக்கின்றன. மூலையில் அந்தப் பலகையின் உட்புறத்தில் அவர் பென்சிலால் எழுதிய 5-7 என்ற குறிப்பு அழியாமல் இருக்கிறது. வண்ணம் பூச வந்தவரிடம் அதன்மேல் மட்டும் பூச வேண்டா என்று சொல்லிவிட்டேன்.